மாதிரிக்கு ஒரு பெயர்

சுனாமியில் இடிந்த வீடுகளைப் பதிவதற்காகத் தொடங்கிய மட்டக்களப்பு அலுவலகம் ஒன்று, 2009இல் அகதி முகாம்களில் இருப்பவர்களைப் பதியும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தது. முகாம்களில் பதியும் ஊழியர்கள் அனுப்பும் முறைப்பாடு எல்லாம் ஒரே வரிதான்: "வேலை செய்யுதில்லை."

"எது செய்யுதில்ல எண்டு சொன்னாத்தானே திருத்தலாம் தங்கச்சி. நான் என்ன, குறி சொல்றவனா?" என்றான் பிழை திருத்தும் ஷாமில்.

முறைப்பாடுகளை வாசிக்கும் தனுஷா, அவர்கள் நிரப்பி அனுப்ப ஒரு டெம்ப்ளேட் எழுதினாள். என்ன செய்தீர்கள், என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தது, எந்தப் பதிவு. கடைசிக் கேள்விக்குக் கீழே மாதிரி ஒன்றும் போட்டாள்: யோகராசா நிலோஜன், பழுகாமம், வயது 17.

அது அவளுடைய தம்பி. ரியூசன் முடிந்து வரும்போது அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். வன்னியில் கண்டதாக ஒருவர் சொன்னார். எல்லா முகாமிலும் அந்தப் பெயர் கண்ணில் படட்டும் என்று நினைத்தாள்.

பாதிப் பேர் மாதிரியை மாற்றாமலே அனுப்பினார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் அதே பெயரைப் பதிந்தும் பார்த்தார்கள்.

"உன்ட தம்பி இண்டைக்கும் பத்து இடத்தில வந்திரிக்கான்" என்று சிரித்த ஷாமில், அந்தப் பெயரில் எதைப் பதிந்தாலும் முகாம்களின் பட்டியலில் காட்டாதபடி மறைத்துவிட்டான். மாதிரியை மாற்றாத முறைப்பாடுகளை வாசிக்காமல் திருப்பிவிடும்படி மேலாளர் ரதீஸ் சொன்னார். அது தனுஷாவின் வேலை.

திங்கட்கிழமை அப்படி ஒரு முறைப்பாடு வந்தது. கடைசிக் கேள்வியில் யோகராசா நிலோஜன் என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததுமே திருப்பினாள். வியாழக்கிழமை அதே முகாமிலிருந்து மறுபடி வந்தது. மறுபடி திருப்பினாள்.

சனிக்கிழமை அந்த முகாமில் பதிகிறவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டு தரம் ஒழுங்கா நிரப்பி அனுப்பினனான். பதிஞ்ச பேர் பட்டியலில காட்டுதில்லை."

"மாதிரியை மாத்திட்டு அனுப்புங்க தம்பி."

"மாதிரி இல்லையக்கா. பெடியன் முன்னால நிண்டு சொன்னவன். வயசு பத்தொன்பது. உங்கட டெம்ப்ளேட்டில அவன்ர பேரைக் காட்ட, கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டவன்."

தனுஷா கேட்டாள்: "இப்ப அவன் எங்க?"

"பட்டியலில பேர் இல்லாத ஆக்களை நேற்று ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்தினவங்கள். எங்கயெண்டு சொல்லேல்லை."

அவள் சொன்னதும் ஷாமில் அந்தப் பெயரின் மறைப்பை நீக்கினான்.

"மாதிரிக்கு இனி என்ன பேர் போட?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஒண்டும் வேணாம் ஷாமில் நானா. வெறுமையா விடுங்க."

திரையில் நிலோஜன் இப்போது தெளிவாகத் தெரிந்தான். வயது 19. இருப்பிடம் என்ற இடத்தில் இன்னும் அந்த முகாமின் பெயர்தான் இருந்தது.