அந்த நட்சத்திரம் ஏன் ஆடுது

...மறுபடியும் ஆடுது வண்டி. பெட்ரோல் பங்க் தாண்டுகிற வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தது, அதற்கப்புறம் இப்படி ஒரு நெளிசல், பின்பக்கம் ஒருவாட்டி இங்கே ஒருவாட்டி அங்கே, ரோடோ போன வருசம் போட்ட தார் ரோடு, குழி கிடையாது, மேடு கிடையாது, எதிரில் ஒரு ஆடுமாடு கூடக் கிடையாது, அப்புறம் இன்னாத்துக்கு ஆடணும்... மலர்க்கொடி இடது கையால் பைக்கின் பின்கம்பியை இறுக்கிக்கொண்டாள், வலது கையால் நடுவில் வைத்திருந்த தட்டை அணைத்துக்கொண்டாள், தட்டைச் சுற்றிக் கட்டின துணிக்குள்ளே கண்ணாடி வளையல்கள் கிலுகிலுவென்று நடுங்கின. உத்திரமேரூர் மண்டபத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, சாலவாக்கத்திலிருந்து கிளம்பி எத்தனை தடவை போய்வந்த ரோடு இது, எத்தனை தடவை இந்த முதுகுக்குப் பின்னால் ஒருச்சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கூட வந்திருக்கிறாள், முன்பெல்லாம் ஒருநாளும் இப்படி ஆடினதில்லையே. வேன் ஓட்டுகிற கை, வீரபத்திரன் கை, கட்டின புருசன், அத்தை மகன், சின்ன வயசிலிருந்து மாமா என்று கூப்பிட்டுப் பழகின ஆள், அந்தக் கைக்கு இப்போது என்ன வந்தது? மனசு வேறு எங்கேயோ இருந்தால் கை ஆடும்தானே, மனசு எங்கே, யாரிடத்தில்... சும்மா இரு, பார்த்துக்கொண்டு வா, தட்டு சரியுது பார்.

எல்லாம் அந்த வேன் வேலையால் வந்த வினை என்று சில சமயம் தோன்றும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நட்சத்திரம் காட்டுகிற வேன் அது, மைதானத்தில் காற்றடித்துக் கூடாரத்தைக் கிளப்பினால் பெரிய கறுப்பு இட்லி ஒன்று உட்கார்ந்த மாதிரி இருக்கும், பசங்கள் குனிந்து குனிந்து உள்ளே போகும், உள்ளே ஒரே இருட்டு, மேலே வானம் சுற்றும். தீபலட்சுமி மேடம் மைக்கில் விளக்குவாள், வீரபத்திரன் மிசினைப் பார்த்துக்கொள்வான். போன வாரம் சாலவாக்கம் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள், சத்துணவு சமையல் முடித்து அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மலர்க்கொடியும் போய் வாசலோரம் உட்கார்ந்தாள், அன்றைக்குப் பார்த்து மேடத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மைக்கை இவனிடம் கொடுத்துவிட்டாள். இவன் பேசினான். இத்தனை வருசம் குடித்தனம் செய்த ஆள் அப்படிப் பேசுவான் என்று மலர்க்கொடி கனவிலும் நினைத்ததில்லை. "பசங்களா, இதோ தெரியுதே, இது நம்ம சூரியன் மாதிரியே இன்னொரு சூரியன், ரொம்ப ரொம்பத் தூரம். இன்னிக்கு நாம பாக்குற இதோட வெளிச்சம், உங்க டீச்சருங்கள்லாம் கொயந்தையா இருக்கச் சொல்லவே அங்கேர்ந்து கெளம்பினது. இத சுத்திக்கினு ஒரு பெரிய கோள் கீது, நம்ம வியாயன் மாதிரி. நெருங்கிச் சுத்துது, அதுக்கு ஒரு வருசம்னா நமக்கு நாலே நாளு. ஆனா அத மொதல்ல யாரும் கண்ணால பாக்கல. அப்புறம் எப்டிக் கண்டுபுட்ச்சாங்க?" பசங்கள் கத்தின, ராக்கெட்டு, கேமரா, கூகுளு. "இல்ல. இந்தச் சூரியன் ஆடுச்சு. லேசா, முன்னால பின்னால. தானா எதுவும் ஆடாது இல்ல? பக்கத்துல பெருசா ஏதோ கீது, வெளிய தெரியல, ஆனா இயுக்குது, அதான் ஆடுது." ஒரு வாண்டு, "அண்ணா, சூரியனுக்கே தலை சுத்துதா?" என்றது, கூடாரமே சிரித்தது. வீரபத்திரன் சிரிக்கவில்லை. மேலே ஓடுகிற வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான், இவள் உட்கார்ந்திருந்த பக்கம். தன் கதையைத்தான் சொல்கிறான், இருட்டில் மறைந்துகொண்டு என்னிடம் ஒப்புக்கொள்கிறான், என்னை ஒன்று இழுக்குது மலரு, நான் ஆடுறேன் மலரு என்று...

ஆடுகிறான்தானே. பங்குனியிலிருந்தே ஆடுகிறான். தட்டில் பாதி சோறு அப்படியே இருக்கும், கேட்டால் வெளியில் நாஷ்டா சாப்பிட்டேன் என்பான். போன் வந்தால் வூட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடிக்குப் போய்விடுவான், சரிங்க மேடம், சரிங்க மேடம், அதுதான் காதில் விழும், அவ்வளவு சன்னமாக இவனுக்குப் பேச வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. சின்னப் பெண், படித்த பெண், நட்சத்திரத்துக்கெல்லாம் பேர் தெரிந்த பெண், முழுசாக இருக்கிற பெண்... அங்கே வந்ததும் மலர்க்கொடியின் நினைப்பு சுருக்கென்று நின்றுவிடும், ஏனென்றால் பங்குனியில் நடந்தது இன்னொன்றும் உண்டு, ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வலது கக்கத்துக்குக் கீழே, மார்பு தொடங்குகிற இடத்தில், புளியங்கொட்டை மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயம். பெரியம்மா மகள் சொக்கம்மாள் அக்காவுக்கும் அப்படித்தான், வலியே இல்லை, காரப்பேட்டை கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு வந்தாள், பிழைத்துக்கொண்டாள், அதெல்லாம் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், போனது புருசன்தான். ஐயங்கார்குளத்தில், அக்கா இருக்கிற அதே ஊரில், ரெண்டு தெரு தள்ளி இன்னொருத்தியோடு குடித்தனம், குளத்துப் பக்கம் எதிர்ப்பட்டால் அக்காவைப் பார்த்து நல்லாக்கிறியா என்று வேறு கேட்பானாம். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. தினம் குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பது, பெரிசாச்சா, இல்லையா, நேற்றைக்கும் இதே அளவுதானா... அந்தக் கோளுக்கு நாலு நாளைக்கு ஒரு வருசமாம், அந்தக் கணக்குப் பார்த்தால் பங்குனியிலிருந்து இன்றைக்கு எத்தனை வருசமாக இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம், ஒரு ஆயுசே ஓடியிருக்குமே. நாம் சொல்லவே இல்லை, அதற்குள் இவன் ஏன் ஆட ஆரம்பித்தான்? இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, அதற்குள்ளேயா?

ஐயோ, நெல்லு! சொர்ணவாரி அறுப்பு முடிந்து பாதி ரோட்டுக்கு நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள், ஓரத்தில் கல்லு வரிசை, வீரபத்திரன் கடைசி நேரத்தில்தான் ஒடித்தான், வண்டி ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது, நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த முனியன் மரத்துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்று, "இன்னா மாமா, காலையிலயே ஏத்திக்கினியா? வண்டி டான்ஸ் ஆடுது!" என்று கூவினான். "போடா டேய், உன் கல்யாணத்துல குடிச்சது இன்னும் எறங்கல!" என்று இவனும் கத்தினான். "அக்கா, கெட்டியாப் புட்ச்சுக்கோ, உன் ஆளு உன்ன ஏரில கொண்டாந்து வுட்ருவாரு!" மலர்க்கொடி சிரித்துவைத்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான், எதைப் பிடிப்பது? முன்பெல்லாம் வலது கை தன்னாலே மாமன் தோளில் போய் உட்காரும். இப்போது கையைத் தூக்கினால் உள்ளே ஒரு இழுப்பு, அதைவிட, கிட்டே ஒட்டி உட்கார்ந்தால் அது அவன் முதுகில் பட்டுவிடுமோ, புளியங்கொட்டையை முதுகு கண்டுபிடித்துவிடுமோ என்று... சீட்டின் கடைசிக்கு நகர்ந்து, நடுவில் பையோ தட்டோ ஒன்றை வைத்துக்கொண்டு வருவதே வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு வளையல் தட்டு. போன வாரம் காய்ப்பை. அதற்கு முந்தி அரிசி மூட்டை. "மாமா, மெதுவாத்தான் போயேன்" என்றாள். காதில் விழுந்ததா, விழவில்லையா, காற்றா, அவளோடு பேசிக்கொண்டிருக்கிறானா மனசுக்குள்ளே, சரிங்க மேடம் சரிங்க மேடம்... ஏரி வந்துவிட்டது, தண்ணீர் அடியில் போய்க் கிடந்தது, கரை நெடுக வெயில், கரை முடிந்தால் ஊர், ஊர் வந்தால் மண்டபம், மண்டபத்தில் எல்லோரும் கட்டிப் பிடிப்பார்கள், நாத்தனார் வலது பக்கமாகத்தான் கட்டிப் பிடிப்பாள், வளையல் போட கையைத் தூக்கணும், சந்தனம் பூச கையைத் தூக்கணும்...

பஸ் ஸ்டாண்டு முனையில் வண்டி நின்றது. மண்டபத்துக்குத் திரும்பவேண்டிய இடம், திரும்பவில்லை, காலை ஊன்றிக்கொண்டு நின்றான், பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது, ஓரம் கட்டினான். "இன்னா மாமா, பெட்ரோலா?" என்றாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியில் பாதி நெற்றியும் ஒரு புருவமும் தெரிந்தது. "நீ கடைசில போயி குந்திக்கினா வண்டி ஆடத்தான் ஆடும் மலரு" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இன்னா மாமா பேசற, தட்டு கீது இல்ல நடுவுல." "தட்டு இன்னிக்குத்தான் கீது." சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். "பங்குனிலேர்ந்து நீ என் தோள்ல கை வெக்கல." மலர்க்கொடி தட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எதையோ சொல்லாம வெச்சிக்கினு கீற. தூக்கத்துல கூட அந்தக் கக்கத்துலதான் கை வெச்சிக்கினு தூங்கற. நானும் சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். தீபலட்சுமி மேடத்துகிட்ட கேட்டேன், அவங்க சித்தி காரப்பேட்டைல நர்ஸு. சும்மா காட்டிட்டு வந்துடலாம்னாங்க. இன்னிக்கு அவங்க டூட்டில கீறாங்க." அப்புறம், சின்னக் குரலில், முருங்கை மரத்தடிக் குரலில்: "நேராப் போனா காஞ்சிவரம் ரோடு, காரப்பேட்டை. திரும்பினா மண்டபம். நீ சொல்லு."

பஸ் போய்விட்டது, புழுதி இறங்கியது, பூக்காரி ஒருத்தி முழம் போட்டுக்கொண்டே இவர்களைப் பார்த்தாள். அப்படியானால் அன்றைக்குக் கூடாரத்தில்... வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு... தானா எதுவும் ஆடாது இல்ல என்று அவன் கேட்டது பசங்களையா? இத்தனை நாளாக அவனை இழுக்கிற ஒன்றை வெளியில் தேடிக்கொண்டிருந்தோமே, மேடம் முகத்தில், போன் சத்தத்தில், மிச்சம் வைத்த சோற்றில், அந்த இருட்டில் யார் கண்ணுக்கும் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு இழுத்தது யார்... தெரிந்துகொண்டுதான் சோறு இறங்காமல் திரிந்தானா, பாவம், இந்த மனுசன்... ஆனால் அக்கா புருசனும் இப்படித்தானே, முதல் நாள் அவன்தானே கூட்டிக்கொண்டு போனான், ஆட்டோவில் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு போனான் என்று அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். தட்டை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள், இன்னும் கொஞ்சம். வலது கையைத் தூக்கினாள், உள்ளே அந்த இழுப்பு வந்தது, தூக்கினாள், அவன் தோளில் வைத்தாள். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, ஊன்றின கால் எடுக்கவில்லை, இருந்தும் ஏதோ ஆடிக்கொண்டே இருந்தது, லேசாக, முன்னால் பின்னால், அது அந்தத் தோளா, இந்தக் கையா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.