மூடுபனியில் இரண்டு கார்கள்

இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பழைய மதில்மேல் காலையிலிருந்து நடந்ததில் என் முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பேராலயத்துக்கு வரிசை, டீக்கு வரிசை, கழிப்பறைக்கும் வரிசை. போதாதென்று, ஊருக்கு வெளியே மேட்டுவெளியையும் பார்த்தே தீரவேண்டும் என்று என் கணவன் நெவில் காரை மேலே ஏற்றினான். அங்கே ஒரே மூடுபனி. காருக்குள்ளேயே உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்த டீயைக் குடித்தோம்.

"உன் மேடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம். வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்று சாவியைத் திருகினான்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கார் வந்தது. கார் நிறுத்த, வெறிச்சோடிக் கிடந்த அவ்வளவு பெரிய இடம் இருந்தும், சரியாக எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே எங்கள் வயதுத் தம்பதி. தலையசைத்தார்கள்; நாங்களும் அசைத்தோம். அவர்களும் பிளாஸ்க்கைத் திறந்தார்கள்.

நெவில் எஞ்சினை அணைத்தான்.

"இப்ப என்ன?"

"உடனே கெளம்பினா, அவங்க வந்ததாலதான் போறோம்னு நெனச்சுக்குவாங்க. கொஞ்சம் இருந்துட்டுப் போவோம்."

இருந்தோம். டீ தீர்ந்தது. சாண்ட்விச்சும் தீர்ந்தது. இருட்டத் தொடங்கியது. பக்கத்துக் காரில் அந்தப் பெண்மணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இவர்கள் எப்போதுதான் கிளம்புவார்களோ என்பதுபோல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.