தரையைக் கழுவியவர்

கபிதோலினா கஞ்சிக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். தொண்ணூற்றிரண்டு வயதுக் கையில் இவ்வளவு பலம் இருக்குமென்று அவள் நினைக்கவில்லை.

"அவங்க கீழ நிக்கறாங்களா, காப்பா?" சின்ன வயதிலிருந்தே அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"யாரும் இல்லப்பா. இந்தப் பனியில யாரு வந்து நிப்பா? ஒரு வாய் சாப்பிடுங்க."

நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிந்தது. நான்கு பெண்கள், தலையில் முக்காடு, கையில் புரட்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்ட ஜார் மன்னர் குடும்பத்தின் படம். காலையிலிருந்து முணுமுணுவென்று ஜெபித்தபடி இருந்தார்கள். அப்பா புரோகோர் சாகக் கிடக்கிறார் என்று யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை.

போன வருஷம் காட்டுக்குள் அந்தக் குடும்பத்தின் எலும்புகளைத் தோண்டி எடுத்ததிலிருந்து ஊருக்கு வேறு பேச்சில்லை. ஸ்வெர்த்லோவ்ஸ்க் என்ற பெயர் போய், பழைய யெகாதெரின்புர்க் திரும்பி வந்திருந்தது. ரொட்டிக் கடையில்கூட வெள்ளைக் கவுன் போட்ட ஜாரின் நான்கு மகள்களின் படம் தொங்கியது. அவர்களைச் சுட்டவர்களில் ஒருவர் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார் என்பது தெரு முழுக்கத் தெரியும். முன்பெல்லாம் நவம்பர் பிறந்தால், புரட்சி நாளுக்காக, சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய பள்ளிப் பிள்ளைகள் பூங்கொத்தோடு படியேறி வருவார்கள். 'கொடுங்கோலனைச் சுட்ட தாத்தா' சோபாவில் உட்கார்ந்து கதை சொல்வார். ஒருமுறை வெளிநாட்டுக்காரன் ஒருவன் டேப் ரிக்கார்டரோடு வந்து, ஜாரின் கடைசிப் பெண் தப்பித்துவிட்டாளா என்று மூன்று மணி நேரம் துருவினான். அதே வாசல் கதவில்தான் இப்போது யாரோ சாணியை அப்பிவிட்டுப் போகிறார்கள்.

"காப்பா, நான் சுடல."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நான் அந்த அறையிலயே இல்ல. பதினெட்டு வயசு எனக்கு. வெளிய வேலி ஓரமா காவல் நிறுத்தியிருந்தாங்க. சத்தம் கேட்டப்போ காதைப் பொத்திக்கிட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம் உள்ள கூப்பிட்டாங்க. ஒரு வாளித் தண்ணியும் மணலும் துடைப்பமும் குடுத்தாங்க. தரையக் கழுவுடான்னாங்க. கழுவினேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சுவர் ஓரம் மட்டும் எத்தனை தடவ தேச்சும் போகல."

"அப்புறம் ஏன்ப்பா?"

"அம்பத்தேழுல ஒரு வாத்தியாரம்மா பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தா. அந்த வீட்ல காவலுக்கு இருந்தவராமே, அப்ப நீங்களும் சுட்டீங்களான்னு கேட்டா. நாப்பது பிள்ளைங்க வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குதுங்க. நான் இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான். மறுநாள் பேப்பர்ல வந்திருச்சு. அடுத்த வசந்தத்துல இந்த வீட்டக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் எப்பிடி இல்லங்கறது?"

அவள் தன்னைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"என் பையன உங்க மடியில உக்கார விட்டதே இல்ல நான்."

"தெரியும்."

"ஒரு தடவகூட இல்ல. அந்தக் கையால அவனத் தொட்டுருவீங்களேன்னு..."

"தெரியும் புள்ள. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடி தளரவில்லை. மதியம் அவள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

மூன்றாம் நாள் அடக்கம். மகனுக்குத் தந்தி கொடுத்திருந்தாள். விளாதிவஸ்தோக்கிலிருந்து வந்து சேர முடியவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களுடைய செயலாளர் ரோதியோன் குஸ்மிச் அப்பாவின் பதக்கங்களை ஒரு சிவப்புத் தலையணையில் குத்தி, தானே ஏந்தி நடந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் படங்களோடு அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். இப்போது இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். சவப்பெட்டி உள்ளே போனதும் அவர்களும் பின்னாலேயே வந்து, குழிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். நடுவில் உறைந்த மண் குவியல். குழி தோண்டிய இருவரும் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ரோதியோன் குஸ்மிச் தொப்பியைக் கழற்றினார். "எந்தக் கை நடுங்காம அந்தத் துப்பாக்கியத் தூக்கிச்சோ, அந்தத் தோழரோட கை இன்னிக்கு..."

"அந்தக் கை அழுகட்டும்" என்றது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"அந்தப் பொம்பளைய வெளிய தள்ளுங்கய்யா."

"தொட்டுப் பாரேன். அஞ்சு பிள்ளைங்களக் கொன்னவனுக்குப் பூமாலையா?"

யாரோ யாரையோ நெட்டினார்கள். பதக்கத் தலையணை பனியில் விழுந்தது. கபிதோலினா வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்பா கடைசியாகச் சொன்னது உண்மைதானா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை. எத்தனையோ விதமாக அந்தக் கதையைச் சொன்னவர் அவர். ஆனால் எவரும் கேட்க விரும்பாத விதத்தில் சொன்னது அந்த ஒருமுறைதான்.

"எங்கப்பா சுடல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரு உள்ளயே இல்ல. வெளிய காவலுக்கு நின்னாரு. அப்புறம் தரையக் கழுவினாரு. சாகறதுக்கு முன்னாடி அவரே சொன்னாரு."

ரோதியோன் குஸ்மிச் அவள் முழங்கையைப் பிடித்து, காதோரம் பேசினார். "துக்கத்துல என்னத்தையோ உளறாத கபிதோலினா. அவரு பேரு பாடப்புத்தகத்துல இருக்கு. சாகப்போற கெழவன் இவங்களுக்குப் பயந்து ஆயிரம் சொல்லுவாரு."

"பயந்து சொல்லல."

"அப்ப முப்பத்தஞ்சு வருஷமா எங்க மேடையில நின்னு பொய் சொன்னாரா? யோசிச்சுப் பேசு."

கை அழுகட்டும் என்று சொன்னவள் எதிர்ப்பக்கத்தில் சிரித்தாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "நல்லாச் சமாளிக்கற. கடவுளோட தண்டன வரும்னதும் கழுவினவனாயிட்டானா? உங்கப்பன் முகத்த நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து, எப்பிடிச் சுட்டேன்னு கையத் தூக்கிக் காமிச்சான். ஒரு வருஷம் நான் தூங்கல. அத யாரு கழுவுறது?"



இரங்கல் பேச்சு பாதியில் நின்றது. ரோதியோன் குஸ்மிச் தலையணையை எடுத்துத் தட்டிவிட்டு, பதக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, தன் ஆட்களோடு நடந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்களும் போனார்கள். பெட்டி இறங்கும்போது விளிம்பில் கபிதோலினா ஒருத்திதான் நின்றாள். மண் கட்டி கட்டியாக விழுந்தது.

வீட்டில் பதினைந்து பேருக்குத் துக்கச் சாப்பாடு சமைத்து வைத்திருந்தாள். தேனும் உலர்திராட்சையும் சேர்த்த சோறு, அடுக்கடுக்காக அப்பம், வோட்கா. சமைத்ததை வீணாக்க மனமில்லாமல் குழி தோண்டியவர்களையே அழைத்து வந்தாள். இருவரும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டைக் காலுறைகளை மேஜைக்கடியில் மறைத்தபடி உட்கார்ந்தார்கள். சாவு வீட்டு வழக்கப்படி கோப்பைகளை மோதாமல் குடித்தார்கள்.

"பெரியவர் என்ன வேல பாத்தாரு, அக்கா?" என்றார் மூத்தவர். அவருக்கே ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

"டிராம் ஓட்டினாரு. முப்பத்தோரு வருஷம்."

"எந்தத் தடம்?"

"அஞ்சாம் நம்பர்."

"ஆலைப் பக்கம் போறதா? எங்கம்மா அதுலதான் வேலைக்குப் போவா. தெனமும் லேட்டு. கத்திக்கிட்டே ஓடுவா. ஒரு டிரைவர் மட்டும் நிறுத்தி ஏத்திக்குவாருன்னு சொல்லுவா." அவர் அப்பத்தை மடித்தார். "மீசை வச்சிருந்தாரா?"

"வச்சிருந்தாரு. அந்தக் காலத்துல."

"அப்ப அவராயிருந்தாலும் இருக்கலாம்."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கபிதோலினா அவர் தட்டில் இன்னோர் அப்பத்தை வைத்தாள்.