பலகை ஓரத்துப் படங்கள்

"கார்டு தட்டியாச்சு இல்ல? அப்புறம் எதுக்கு வாசலைப் பாக்கற? மெஷினைப் பாருடி!" என்று கத்தினான் சூப்பர்வைசர் ருத்ரேஷ்.

"கார்டு தட்டறது வீட்டுக்குப் போகத்தான் சார். திரும்பி வந்து உக்கார்றதுக்கு யாராவது தட்டுவாங்களா?" சந்திரகலாவின் குரல் அவன் குரலைவிட ஒரு முழம் மேலேயே இருந்தது. ஏழாவது வரிசையில் அறுபத்திரண்டு பெண்களும் தலையைக் குனிந்து, காதை நிமிர்த்திக்கொண்டார்கள்.

பெங்களூரு பீன்யாவில் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் இது தினசரி நடப்பது. காலை எட்டரைக்கு வேலை தொடங்கும். சரியாக ஐந்தரைக்கு, வேலை முடிந்ததாக எல்லாரும் வாசலில் கார்டு தட்ட வேண்டும். தட்டிவிட்டு, போன காலோடு திரும்பி வந்து ஏழு, ஏழரை வரை தைக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது.

"ஒம்பது மணி நேரத்துக்கு மேல தைச்சா இரட்டைக் கூலி தரணும் சார். சட்டம் இருக்கு."

"அடேங்கப்பா! வக்கீலம்மா!" ருத்ரேஷ் கை தட்டினான். "கார்டைப் பாரு. அஞ்சரைக்கே நீ வீட்டுக்குப் போயிட்ட. இங்க நிக்கறது உன் பேய். பேய்க்கு எவன் சம்பளம் தருவான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். யார் என்று சந்திரகலா திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டாள். அவள் எதையும் மறக்கிற ஜாதி இல்லை.

பக்கத்து மெஷின் புட்டதாயம்மா, "கலா, உக்காரும்மா. எனக்குத் தாகத்துல நாக்கு ஒட்டுது, நான் வாயைத் திறக்கறேனா?" என்று முணுமுணுத்தாள். அவள் போன வாரம் தண்ணீர் கேட்டபோது ருத்ரேஷ் சொன்ன பதில் வரிசைக்கே மனப்பாடம்: "தண்ணி குடிக்கப் போனா எண்ணிக்கை குறையும்."

எண்ணிக்கைதான் அவனுக்கு எல்லாம். வரிசையின் கோடியில் ஒரு கரும்பலகை. முதல் மணியில் எத்தனை சட்டை, இரண்டாம் மணியில் எத்தனை என்று தன் கையாலேயே சாக்பீஸில் எழுதுவான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் அவனுக்குக் கர்வம். வேலை முடிகிறபோது அன்றைக்கு யார் கடைசியோ அவளைப் பலகை ஓரம் நிற்க வைத்துப் படம் எடுப்பான். வரிசைக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் போடுவான். மேலே ஒரு வரி: 'இன்னைக்கு எருமை' என்று போட்டு அவள் பெயர்.

வாயாடினால் அன்றைக்கு நீதான் கடைசி. அதனால் பதினாலு மாதத்தில் சந்திரகலா நாற்பத்தேழு தடவை எருமையாகியிருந்தாள். இன்றோடு நாற்பத்தெட்டு.

அந்தப் படங்கள் கம்பெனிச் சுவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர்கள் குடியிருக்கும் லக்கெரெயில் எந்தப் படம் யார் வீட்டு அடுப்படிக்குப் போகாமல் இருந்திருக்கிறது? ஓரகத்தி வீட்டுத் தொட்டில் விழாவில் அவள் உள்ளே நுழைந்ததும், "எருமை வந்தாச்சு, இலை போடுங்க" என்றது ஒரு குரல். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த சந்திரகலாவின் புருஷனும் சிரித்தான். அன்றைக்கு அவள் சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

மற்றப் பெண்கள் தங்கள் படங்களை உடனே அழித்துவிடுவார்கள். இவள் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. போனில் இடமில்லை என்று வந்தபோது தங்கை கல்யாண வீடியோவை அழித்தாள். தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். போகட்டும் என்று இருந்தாள்.

ருத்ரேஷ் பேய் என்று சொன்ன மறுநாள் காலை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு, இரட்டைக் கூலி கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள்.

சங்கராந்தி அன்று கம்பெனி ஆபீசிலிருந்து ஷோபா மேடம் பட்டுப்புடவையோடு அவள் வீட்டுப் படியேறினாள். கையில் எள்ளும் வெல்லமும், கரும்புத் துண்டும். வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் பழைய மனஸ்தாபம் தீர்ந்ததென்று வழக்கம்.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கோ கலா. கார்டெல்லாம் அஞ்சரைதான் காட்டுது. தோத்துட்டா வேலையும் போகும்."

"தட்டு அழகா இருக்கு மேடம்," என்றாள் சந்திரகலா. ஒரு எள்கூட எடுக்காமல் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். தெருவே பார்த்தது. எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து நானும்தான்.

விசாரணையில் கம்பெனிக்காரர்கள் கார்டுகளை இரண்டு பெட்டியில் கொண்டுவந்து அடுக்கினார்கள். அதிகாரி வேதாவதி எதை எடுத்தாலும் ஐந்தரை. "ஒருத்தரும் ஒரு நிமிஷம் கூடத் தங்கினதில்ல மேடம்," என்றான் ருத்ரேஷ்.

சந்திரகலா போனை எடுத்தாள். புட்டதாயம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாண்டி. அந்தம்மா முன்னால எருமைன்னு படிக்கும்படி ஆகும்."

"படிக்கட்டும் அக்கா. யார் படிக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

முதல் படம். பலகையில் பத்தாம் மணி எழுபத்தாறு, பதினோராம் மணி எழுபது. மேலே சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபது. ஓரத்தில் சந்திரகலா.

"அஞ்சரைக்குப் போயிட்டா பத்தாம் மணி எங்கேர்ந்து வந்துது?" என்றார் அதிகாரி. "யார் கையெழுத்து இது?"

"என்... என்னுது மாதிரி இருக்கு."

"மாதிரியா?"

"என்னுதுதான் மேடம்."

"பேய் போட்டோவுல விழுமா சார்?" என்று கேட்டாள் சந்திரகலா. அப்படியே அதிகாரி பக்கம் திரும்பினாள். "மேடம், மேல ஒரு வரி இருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அவரே படிச்சுட்டா நல்லது. எல்லாப் படத்துலயும்."

ஊசியில் ஒரே முயற்சியில் நூல் கோர்க்கிறவளுக்குக் கண் தெரியவில்லையாம்! அதிகாரி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ருத்ரேஷைப் பார்த்தார். "ஒவ்வொண்ணையும் படிச்சு, தேதி சொல்லி, கையெழுத்துப் போடுங்க."

"இன்னைக்கு... எருமை... சந்திரகலா."

"சத்தமா சார். பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள் சந்திரகலா.

ஏழாவது படத்தில் அவன் காது சிவந்தது. இருபதாவதில் குரல் போயிற்று. "மேடம், கொஞ்சம் தண்ணி..."

"தண்ணி குடிக்கப் போனா எண்ணிக்கை குறையும் சார்," என்றாள் புட்டதாயம்மா. அவனை எதிர்த்து அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். ஷோபா மேடம்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். நாற்பத்தெட்டையும் படித்து முடித்தான்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. பதினாலு மாதத்து மிகை நேரத்துக்கும் வரிசை முழுவதற்கும் இரட்டைக் கூலி. பேய் என்றபோது சிரித்த அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அதில் மட்டும் சந்திரகலாவுக்கு இன்றுவரை வருத்தம்.

ருத்ரேஷ் வேலையை விட்டு மாமனார் ஊரான திப்டூருக்குப் போய்விட்டான். தேங்காய் மண்டியில் கணக்கெழுதுகிறானாம். ஷோபா மேடம் ஒரு ஆடிட்டரைக் கட்டிக்கொண்டு புனே போனாள். புட்டதாயம்மா மகனோடு மண்டியாவில். தங்கை இன்னும் பேசவில்லை. சந்திரகலாவின் புருஷன் அதே வீட்டில்தான் இருக்கிறான், ஆனால் விசேஷ வீடுகளில் சிரிப்பதில்லை. போனில் இடமில்லை என்று இப்போதும் வருகிறது. அந்த நாற்பத்தெட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவள் தன் கல்யாணப் படங்களை அழிக்க ஆரம்பித்திருக்கிறாள்.