பதினான்காவது சீட்டு

திங்கட்கிழமை காலை நூபியா ஒரு கத்தரிக்கோலையும் வெள்ளைத் தாளையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது, பெலார்மினோ சனாப்ரியா பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராகவே இருந்தார். செப்டம்பர் வந்தால் அவர்கள் வேலை செய்யும் பால் ஆலையில் ரகசிய நண்பர் விளையாட்டு. அலுவலகத்தில் இருக்கும் பதினான்கு பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவர் மேஜையில் வாரம் முழுக்க, யாரும் பார்க்காத நேரத்தில், தினம் ஓர் இனிப்பு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார, ஒவ்வொருவரும் தனக்கு வைத்தது யார் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கட்டித் தழுவல், பரிசு, கைதட்டல்.

சீட்டு எழுதுவது இருபத்திரண்டு வருடமாக பெலார்மினோதான். கிடங்குப் பொறுப்பாளராக இருந்தாலும் அந்த ஆலையில் அவருடைய கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. மேலாளர்கூட அவரை மரியாதையாக 'தோன்' சேர்த்துத்தான் கூப்பிடுவார். அவருடைய அப்பா துன்ஹா நகர நீதிமன்றத்தில் பத்திரம் எழுதியவர். சனாப்ரியா வீட்டில் எழுத்தும் வாக்கும் கோணாது என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பிறர் சொல்லக் கேட்டுத்தான் பெலார்மினோ அறுபத்தொரு வயதிலும் முதுகு வளையாமல் நடந்தார்.

பத்துப் பெயர் எழுதி முடித்தபோது நூபியா தாளின்மேல் விரல் வைத்தாள். மேலாளரின் செயலாளர் அவள். அவள் விரல் வைத்தால் மேலாளரே வைத்த மாதிரி.

"எலியேசர் பேரு வேணாம், தோன் பெலார்மினோ."

"ஏன், அவன் விளையாடலயா?"

"விளையாடுவாரு. பேரு மட்டும் வேணாம்."

"அப்ப ஒரு சீட்டு குறையுமே."

"உங்க பேரை ரெண்டு தடவ எழுதிருங்க. சரியாயிரும்." அவள் சிரித்தாள். "ஏன்னு எங்கிட்ட கேக்காதீங்க. மேல போய்க் கேளுங்க."

எலியேசர் அவருடைய தம்பி. நாற்பத்து நான்கு வயது. ஏழு வேலை பார்த்து ஏழிலிருந்தும் வெளியே வந்தவன். திருடியோ குடித்தோ அல்ல. வங்கியில் மேலதிகாரியின் திட்டத்தில் இருந்த ஓட்டையை அவர் பேசி முடிக்கும் முன்பே சொன்னான். பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்து, அதை அச்சிட்டவர்கள் வந்திருந்த மேடையிலேயே சொன்னான். மற்றவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து செய்வதை ஒரு மதியத்தில் முடித்துவிட்டு, மிச்ச நாட்களில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்கும் ஓர் இடத்தில் அனுப்பிவிட்டார்கள். எட்டாவதாக இந்த ஆலையில் பாலின் வரத்தையும் தரத்தையும் பதியும் வேலையை, தன் வாக்கைக் கொடுத்து பெலார்மினோ வாங்கித் தந்தார். ஒரு வருட ஒப்பந்தம். இந்த முப்பதாம் தேதி முடிகிறது. பிறகு நிரந்தரம், அல்லது தெரு. இந்த வயதில் ஒன்பதாவது இடம் யாரும் தரமாட்டார்கள்.

மாடியில் மேலாளர் இஞ்சினியர் கால்விஸ் பெலார்மினோவை உட்காரச் சொல்லி, கருப்புக் காப்பி வரவழைத்தார்.

"தோன் பெலார்மினோ, உங்க தம்பிக்குத் தலை இருக்கு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. வாய மூடத் தெரியுமாங்கறதுதான் என் கேள்வி."

ஏப்ரல் மாதத்துச் சங்கதி இருவர் மனதிலும் வந்து நின்றது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இஞ்சினியர் புதிய குளிரூட்டியைக் காட்டி, மின்சாரத்தில் முப்பது சதவீதம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நாற்காலி தூக்கிக்கொண்டு போன எலியேசர் நின்று, "பதினொண்ணு, இஞ்சினியர். முப்பதுங்கறது தொட்டி நிறைஞ்சிருந்தா. நம்ம தொட்டி ஒருநாளும் பாதிக்கு மேல ஏறினதில்ல" என்றான். வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னது சரி. அதுதான் மன்னிக்க முடியாததாகப் போயிற்று.

"இந்த வாரம் அவர் மேசைல ஒண்ணும் வராது," என்றார் கால்விஸ். "அவர் கண்டுபிடிச்சிருவாரு, நாளைக்கே கண்டுபிடிச்சிருவாரு. அவரப் பத்தி எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைச் சொல்லாம, யாரையும் சின்னவங்களாக்காம, மனுஷனா உக்காந்து எந்திரிச்சார்னா நான் கையெழுத்துப் போடறேன். வாயத் திறந்தார்னா முப்பதாம் தேதி. நீங்க அவர்கிட்ட மூச்சு விடக்கூடாது. நீங்க சொல்லிக் குடுத்தா அது அவரோட அடக்கமில்ல, உங்களோடது."

"இது விளையாட்டா, இஞ்சினியர்?"

"விளையாட்டுதான். சின்ன விளையாட்டு. உங்க வாக்குக்காகத்தான் இதுகூட."

பெலார்மினோ காப்பியைக் குடிக்காமல் இறங்கி வந்தார். படிக்கட்டில் இரண்டு முறை நின்றார். அவமானம் என்பதில் சின்னது, பெரியது உண்டு என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐந்து நாள் மேஜை காலியாக இருப்பது சின்னது. சனாப்ரியாவின் தம்பி எட்டாவது தடவையும் துரத்தப்பட்டான் என்று தேவாலய வாசலில் பேசுவது பெரியது. நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரை இரண்டாவது முறை எழுதினார். முதல் தடவை எழுதியதைப் போலவே அழகாக, முதல் எழுத்தின் வாலைக்கூடக் குறைக்காமல்.

பை சுற்றி வந்தது. நூபியா ஒரு சீட்டைக் கைக்குள்ளேயே வைத்திருந்து கடைசியில் எலியேசரிடம் நீட்டினாள். "உங்களுக்கு மிச்சம் இதுதான்." அவன் பிரித்துப் பார்த்தான். அண்ணனின் பெயர். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பெலார்மினோவின் மேஜையில் இலையில் சுற்றிய கொய்யாப்பழ மிட்டாய் ஒன்று இருந்தது. அது பரிசோதனைக்கூடத்து மிரேயா வைத்தது, இப்படி இலையில் சுற்றித் தரும் கடையில்தான் அவள் எப்போதும் வாங்குவாள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, பல வருடமாகச் சிக்கிக்கொண்டு, முட்டியால் இடித்தால்தான் திறக்கும் மேஜை இழுப்பறையை வழக்கம்போல இடித்தார். அது தண்ணீர்போல வழுக்கிக்கொண்டு வந்து அவர் வயிற்றில் இடித்தது. உள்ளே ஒரு பால்கோவா வில்லை. தம்பி எல்லோருக்கும் முன்பே வந்து, இழுப்பறையைக் கழற்றி, இழைத்து, மெழுகு தேய்த்து மாட்டியிருக்கிறான். ரகசிய நண்பர் இனிப்பு வைத்தால் போதும். அவனுக்கு அந்தப் போதும் என்ற இடம் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

எலியேசரின் மேஜையில் ஒன்றுமில்லை. எட்டு மணிக்கு அவன் ஒரு தரம் பார்த்தான். பத்து மணிக்குப் பதிவேட்டைத் தூக்கி அடியில் பார்த்தான். மதியம் அவன் எழுந்து மற்ற மேஜைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அண்ணனின் மேஜையில் இரண்டு இனிப்பின் உறைகள் கிடந்ததைப் பார்த்து ஒரு நொடி நின்றான். பிறகு போய் உட்கார்ந்தான். அவ்வளவுதான் ஆயிற்று. பதினைந்து விநாடிகூட இருக்காது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது பெலார்மினோவுக்குத் தெரிந்தது.

புதன்கிழமைக்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. லாரிகளை அனுப்பும் ஹைரோ, சாப்பாட்டு நேரத்தில், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு கேட்டான்.

"என்ன கால்குலேட்டரு, உங்க நண்பர் இன்னும் வரலயா?"

"வரல."

"பஸ்ஸு கிடைக்கலயோ என்னவோ. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. பதினாலு பேரு, பதினாலு சீட்டு. எங்கேயோ இடிக்குதே."

"நம்ம ஹைரோவுக்கே இடிக்குதுன்னா விஷயம் பெரிசுதான்" என்றாள் மிரேயா. மேஜையே சிரித்தது. எலியேசரும் சிரித்தான், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம். எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டே சிரித்தது போலிருந்தது. பெலார்மினோ கரண்டியை நேராக வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். எலியேசர் அண்ணன் வீட்டின் பின்னறையில்தான் இருந்தான். குளிர்காற்று வீசியது, கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடை தாண்டியதும் எலியேசர் கேட்டான்.

"அண்ணே, சீட்டு நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா. வருஷா வருஷம் நான்தான்."

"எத்தனை எழுதுனீங்க?"

"பதினாலு."

தான் பொய் சொல்லவில்லை என்பதைப் பெலார்மினோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எலியேசர் தலையாட்டினான்.

"எலியேசர்," என்றார். "இந்த மாசம் முடியறவரைக்கும் நம்ம அப்பா பேரை நெனச்சு நட. வேற ஒண்ணும் நான் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லவேண்டாம்ணே," என்றான் தம்பி. குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை அவர் மேஜைமேல் அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி இருந்தது. அதன் ஒடிந்த காதுப்பிடி செப்புக் கம்பியால் கட்டப்பட்டு, அதனடியில் ஒரு கரும்புவெல்லத் துண்டு. வழக்கம்போல எலியேசரின் மேஜையைத் துடைத்த பெண் அதன்மேல் ஒன்றுமில்லாததால் இரண்டு தடவை துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். இஞ்சினியர் கால்விஸ் கதவருகே காப்பிக் கோப்பையோடு நின்றார். விளையாட்டு நடந்தது. ஹைரோ மூன்று தடவை தப்பாகச் சொன்னதற்கு ஆடச் சொன்னார்கள், ஆடினான். பெலார்மினோ மிரேயாவைச் சொன்னார். அவள் தன் சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஓடிவந்து கட்டிக்கொண்டு ஒரு கழுத்துக்குட்டையைக் கொடுத்தாள். ஒவ்வொருவராக முடிந்து, கடைசியில் எலியேசர் மட்டும் மடியில் ஒரு பொட்டலத்தோடு இருந்தான். கூடம் அமைதியானது. அந்த அமைதியே எல்லோருக்கும் பிடித்திருந்தது.

"சொல்லுங்க எலியேசர்," என்றாள் நூபியா. "உங்க நண்பர் யாரு?"

பெலார்மினோ நிமிர்ந்து எலியேசரைப் பார்த்தார். தம்பியின் முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். அந்த முகத்தில் விடை வந்து நின்றால் கன்னம் லேசாக இழுக்கும். இப்போது இழுத்தது. பதின்மூன்று பேரில் யார் யாருக்கு எதை எந்தக் கடையில் வாங்கி வைத்தார்கள், யார் யாரோடு சீட்டை மாற்றிக்கொண்டார்கள், எதற்காக மாற்றிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்தத் தலைக்குள் அடுக்கி வைத்த மாதிரி இருந்திருக்கும். சொல்லத் தொடங்கினால் அந்தக் கூடத்தில் ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் சொல்லிவிட வேண்டும் என்று பெலார்மினோவுக்குத் தோன்றியது.

"தெரியலயே," என்றான் எலியேசர். "யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இதுலயெல்லாம் நான் கொஞ்சம் மந்தம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. "கால்குலேட்டருக்குப் பேட்டரி தீந்துபோச்சு," என்று ஹைரோ தொடையில் தட்டினான். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். வருடம் முழுவதும் அவனோடு பேசாத ஒரு பெண் அவன் தோளைத் தட்டி, "பாவம், நல்ல மனுஷன்" என்றாள். கதவருகே இஞ்சினியர் மெல்லத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"உங்க சீட்டு யாரோடது?" என்று நூபியா விடாமல் கேட்டாள்.

எலியேசர் எழுந்து வந்து அண்ணனுக்கு முன்னால் நின்று பொட்டலத்தைக் கொடுத்தான். கட்டித் தழுவினான். தழுவியபடியே, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எழுத்து நல்லா இருந்துச்சுண்ணே. ரெண்டும் ஒரே மாதிரி" என்றான்.

நிரந்தர வேலைக்கான தாள் திங்கட்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலில் பெலார்மினோ முன்போலவே நின்றார். யாராவது கேட்டால், "தம்பி நிரந்தரமாயிட்டான்" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார். ஆலையில் எலியேசரை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு மதியத்தில் முடிப்பதை ஒரு வாரம் வைத்துச் செய்தான். பிறர் சொல்லும் நகைச்சுவையின் முடிவு தெரிந்தும் காத்திருந்து சிரித்தான். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் இஞ்சினியர் கால்விஸ் பலகையில் படம் போட்டு விளக்கினார். இரண்டு பெரிய தொட்டிகளையும் தினம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவுகிறோம். இன்று நான்கு மணிக்கு இரண்டையும் ஒன்றாகக் காரத்தண்ணீர் விட்டுக் கழுவி, ஒன்றாகத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம். சுடு தண்ணீர், தோலைப் பொசுக்கும் காஸ்டிக் சோடா கலந்தது, இதுவரை ஒரு தடவைக்கு ஒரு தொட்டித் தண்ணீர் மட்டும் போன அதே வாய்க்காலில் போய்விடும். ஹைரோவின் ஆட்கள் கீழே நின்று பார்த்துக்கொள்வார்கள்.

பெலார்மினோவுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. பழக்கத்தில் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். எலியேசர் பலகையில் இருந்ததை நோட்டில் நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல உருட்டி உருட்டி எழுதிக்கொண்டிருந்தான். அவன் கன்னம் லேசாக இழுத்தது.

"சரிதான, எலியேசர்?" என்று இஞ்சினியர் அன்பாகவே கேட்டார்.

"நீங்க சொன்னா சரிதான், இஞ்சினியர்."

மூன்றரை மணிக்கு மேல் கிடங்கு ஜன்னலில் யாரோ தட்டினார்கள். எலியேசர்.

"ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வேணும்ணே. முழங்கால் வரைக்கும் வர்றது."

"ஆபீஸ்ல உக்காந்திருக்கற உனக்கு எதுக்குடா?"

"சும்மாதான்."

பெலார்மினோ எடுத்துக் கொடுத்தார். எலியேசர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, கால்சட்டையின் நுனியை உள்ளே திணித்து, பூட்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அவசரமில்லை. எழுந்து, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு, நடைபாதையில் சப்தமெழப் போனான்.

அலமாரியில் இன்னும் பதினொரு ஜோடி இருந்தன. காலைக் கூட்டத்தில் தம்பியின் கன்னம் இழுத்தது பெலார்மினோவுக்கு நினைவு வந்தது. கீழே தொட்டிக்கூடத்தில் ஹைரோ ஏதோ சொல்ல, ஆட்கள் சிரிப்பது கேட்டது. பெலார்மினோ தன் கால்களைப் பார்த்தார். காலையில் மெருகேற்றிய தோல் ஷூ, அதில் ஜன்னல் வெளிச்சம். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்திரண்டு. நான்கு மணிக்குத் தொட்டி கழுவல். அவர் அலமாரிமேல் ஒரு கையை வைத்தபடி, முதுகு வளையாமல், நின்றுகொண்டிருந்தார்.