காலியாக விட்ட கட்டம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர் வேறு யாருமில்லை, அவளுடைய அத்தான்தான். அக்காவின் கணவர். அதே பார்சல் கம்பெனியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். "எதைக் கொட்டினாலும் சலிச்சுத் தந்துடுவா எங்க மச்சினி" என்று கேன்டீனில் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து பியூன் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோருக்கும் அவள் சல்லடை அம்மாதான்.

அவள் வேலையும் அப்படித்தான் இருந்தது. கம்பெனியில் இருக்கும் ஒவ்வொரு கணினியும், ஸ்கேனரும், லேபிள் அடிக்கும் பிரிண்டரும், சுவரில் முளைத்திருக்கும் நெட்வொர்க் பெட்டியும் ஒரே தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கும். எது எங்கே இருக்கிறது, எது எதோடு இணைந்திருக்கிறது, எதற்கு யார் பொறுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம். அதனிடம் ஒரு கேள்வி கேட்டால் வரிவரியாகக் கொட்டித் தள்ளும். அதில் கேட்டவருக்கு வேண்டியதை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழிக்க வேண்டும். கழிப்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு விஷயம். "'பழசு அல்லாததெல்லாம் வா'ன்னு கூப்பிட்டா, புதுசு வரும். ஆனா கட்டம் காலியா இருக்கு பாருங்க, அது வராது. அது பழசும் இல்ல, புதுசும் இல்ல. கதவுக்கு வெளியவே நிக்கும். 'காலியா இருந்தாலும் வா'ன்னு அதைத் தனியா ஒரு தடவை கூப்பிடணும்." இதைச் சொல்லாமல் அவள் யாரையும் விசைப்பலகையில் கைவைக்க விட்டதில்லை.

அவளுடைய மேலாளருக்கு முதுகுக்குப் பின்னால் ஆகட்டும் என்று பெயர். லீவு கேட்டாலும் ஆகட்டும், விசிறி ஓடவில்லை என்றாலும் ஆகட்டும். அவர் ஒருநாள் காலையில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒவ்வொருத்தர் பேர்லயும் எத்தனை மெஷின் இருக்குன்னு ஒரு கணக்கு வேணும்மா. பழைய கிடங்கை மூடிட்டோம்ல, அந்தக் குப்பையெல்லாம் சேர்க்காம குடுங்க."

"எதுக்கு சார்?"

"மேல கேக்கறாங்க. இப்பவே வேணுமாம்."

மேலே கேட்கிறார்கள் என்றால் அவர் நகரமாட்டார். கார்ச் சாவியால் நாற்காலியின் முதுகில் தட்டிக்கொண்டே நின்றார். டக், டக், டக். அந்தத் தட்டல் அவள் முதுகுத்தண்டில் இறங்கியது. இடம் 'பழைய கிடங்கு' அல்லாதவை என்று நிபந்தனை போட்டாள், பொறுப்பாளர் பெயர்வாரியாகக் கூட்டினாள், ஓட்டினாள். கிடங்கின் பெயர் எங்கும் தலைகாட்டவில்லை என்று மட்டும் பார்த்தாள். "வந்துடுச்சு சார்" என்றாள். அவர் அங்கேயே நின்று அதைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். தட்டல் நின்றதே பெரிய நிம்மதியாக இருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம் கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும் நேராகக் கழிவறைக்குப் போனார்கள், அல்லது போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்கள். அத்தான் மட்டும் அவளிடம் வந்தார். அவளுடைய மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் மச்சினி, என் பேர்ல மூணே மூணு மெஷின்தானாமே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மூணா? யார் சொன்னா?"

"உள்ள ஒரு அம்மா சொன்னாங்க. ரொம்ப மரியாதையா சொன்னாங்க. மூணு மெஷினுக்கு ஒரு ஆள் வெச்சுக்க முடியாதாம். எனக்கே நியாயமாத்தான் பட்டுச்சு. மூணுன்னா நானும்கூட வெச்சுக்க மாட்டேன்."

அவள் திரும்பித் திரையைப் பார்த்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. கை மட்டும் நிபந்தனையில் இன்னொரு துண்டைச் சேர்த்தது: இடம் காலியாக இருந்தாலும் சரி. ஓட்டியதும், கடைசி வரியில் கிடந்த அத்தானின் பெயர் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்து நின்றது. பார்சல்கள் ஓடும் பெரிய கூடமே அவர் பெயரில் இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் என்ற கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். "அட, இதுவா? கிடங்கை மூடினப்ப நான்தானே எல்லாத்தையும் லாரில ஏத்திட்டு வந்தேன். பழைய இடத்தை அழிச்சுட்டேன். இங்க தூணுக்கெல்லாம் நம்பர் ஒட்டினதும் புது இடத்தைப் போட்டுக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள உங்க அக்காவுக்கு ஆபரேஷன்." திரையிலிருந்த வெள்ளைக் கட்டத்தை விரலால் தொட்டார். "அப்புறம் மறந்தே போச்சும்மா."

அவள் எழுந்து மேலாளர் அறைக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் உண்மையிலேயே ஓடினாள். வழியில் யாரோ ஒருவரின் காபியைத் தட்டிவிட்டாள்.

"சார், அந்தக் கணக்கு தப்பு. என் தப்பு. காலியா இருக்கறதை விட்டுட்டேன். இதோ சரியானது."

அவர் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். "ஆமா, வித்தியாசம் இருக்கு" என்றார்.

"அப்ப மேல சொல்லுங்க சார். அந்தக் கணக்கை வெச்சுத்தானே அவரை அனுப்பறாங்க?"

"அதை வெச்சுத்தான்னு எப்படிச் சொல்றது? சம்பளம் பார்த்திருப்பாங்க, வயசு பார்த்திருப்பாங்க. உங்க கணக்கும் ஒரு ஓரமா இருந்திருக்கும். இது இல்லாட்டியும் அவர் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்கே தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்க யாரு சார்?"

அவர் மேசைமேலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அனுப்பி வைக்கிறேன். ஆகட்டும், பார்ப்போம்" என்றார்.

அனுப்பித்தான் வைத்தார், அதில் பொய்யில்லை. மேலிருந்து பதிலும் வந்தது. கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி, அடுத்த அறிக்கையில் திருத்திக்கொள்ளவும் என்று இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுத் திரும்பப் படித்தாள். கோபப்பட்டு நாலு வரி திட்டியிருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவளே அக்கா வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேதான் சாப்பாடு. கல்யாணம் ஆகாமல் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த அவளுக்கு வீடு என்றால் அதுதான். அத்தான் முன்னமே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், அதுவும் அவளுக்கு வலிக்காதபடி, தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, நான் வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும்டி."

"திட்டவாவது செய்யேன்."

"திட்டினா என்ன ஆகும்?" அக்கா ஒரு சட்டையின் கையை நீவிவிட்டாள். "நீ வேணும்னு பண்ணல. அவர் வேணும்னு மறக்கல. நான் வேணும்னு ஆஸ்பத்திரில போய்ப் படுக்கல. இப்படி ஒவ்வொருத்தரா கழிச்சுட்டே போனா கடைசில மிச்சம் யாருடி? நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது?"

காபி வேண்டுமா என்று அக்கா கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவள் ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தாள். வெளியே சொன்னால் அசிங்கம். ஏதாவது நிற்க வேண்டும் என்று காத்திருந்தாள். கூடத்தில் பார்சல் நகர்த்தும் பெல்ட் நிற்க வேண்டும், ஸ்கேனர் செத்துப்போக வேண்டும், பார்சல்கள் மலையாகக் குவிய வேண்டும், மேலே இருப்பவர்கள் பதறிக்கொண்டு அத்தானைக் கூப்பிட வேண்டும். தினமும் காலையில் வந்ததும் பழுதுப் புகார்களைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு பிரிண்டரில் காகிதம் சிக்கியது. ஒரு மவுஸ் வேலை செய்யவில்லை. பெல்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அத்தானின் இயந்திரங்களை வேறொருவர் பெயருக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு நாள் தள்ளிப் போட்டாள். மூன்றாவது நாள் அவர் பெயர் உள்ளதையெல்லாம் சலித்தெடுத்து, மொத்தமாகத் தேர்ந்து, புதுப் பெயரை இட்டாள். காலி இடங்களையும் நிரப்பினாள். தூண் எண்களைக் கூடத்துக்குள் நடந்து நடந்து தானே பார்த்து எழுதினாள். எண்களை எப்போதோ ஒட்டியிருந்தார்கள். அது முடிந்ததும் பழைய கேள்வியை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். அத்தான் பெயருக்கு விடையாக ஒரு வரிகூட வரவில்லை.

ஒருநாள் அத்தான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். எங்கோ நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர் போல, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

"என்ன மச்சினி, ஏதாவது நின்னுச்சா?"

"இல்ல அத்தான்."

"பெரிய பெல்ட்டு?"

"ஓடுது."

"மூலைல அந்த முரட்டு ஸ்கேனரு? அது தினமும் மக்கர் பண்ணுமே."

"அதுவும் ஓடுது அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் வேலை பார்த்திருக்கேன் போல" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவளுடைய பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அவருடைய பஸ் வந்தபோது அவர் ஏறிக்கொண்டார்.

வெகுதூரத்தில் ஓர் ஊரில், குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. சம்பளம் பாதிதான். சாமான் ஏற்றுகிற அன்று அவள் போய் நின்றாள். மிக்ஸியைப் பழைய புடவையில் சுற்றினாள், கட்டில் கால்களைக் கழற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். அக்கா "அதை அங்க வை", "இதைத் தூக்காத, கனம்" என்றெல்லாம் பேசினாள். வேறெதுவும் பேசவில்லை. வண்டி கிளம்பும்போது முன் இருக்கையில் நேராகச் சாலையைப் பார்த்தபடி முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "போய்ச் சேர்ந்துட்டு போன் பண்றோம்" என்றார் அத்தான்.

போன் வந்தது. அத்தான்தான் பேசினார். வீடு பரவாயில்லை, தண்ணீர்தான் கொஞ்சம் உப்பு என்றார்.

"அக்காகிட்டக் குடுங்க அத்தான்."

"அக்கா தூங்கறாம்மா."

நல்ல பகல் நேரம். அவர் குரலுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது; பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

"சரி, தூங்கட்டும். எழுப்பாதீங்க" என்றாள் அவள். அங்கே மழை உண்டா என்று கேட்டாள்.