நாலுவாசல் பட்டணத்தில் ஐந்தாவது ஆள்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தீபாவளி மலர் தயாரிக்கும் லட்சுமிகாந்தம் 2007 ஆவணிக் கடைசியில் கூப்பிட்டு, "மாயாஜாலப் பட்டணம் ஒண்ணு, அதுல காவல்காரன் ஒருத்தன். அப்படி ஒரு கதை குடுங்க. நம்ம ஊர்ப் பேரு வேண்டாம். வெடிவிபத்து கிடிவிபத்து வேண்டாம். விளம்பரம் குடுக்கிறவங்க மனசு நோகக் கூடாது" என்றார். அந்த மலரின் பின்னட்டையில் யாருடைய விளம்பரம் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் சிவகாசிக்குப் பக்கத்தில், திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ராகுகாலமும் எமகண்டமும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தே கண் பூத்துப்போனவன். மாயாஜாலத்துக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனாலும் சரியென்று தலையாட்டிவிட்டேன். (போனில் தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

முதலில் எழுதிய ஆரம்பங்கள் இவை:

"வானில் இரண்டு சூரியன்கள் எரிந்த அந்தப் பட்டணத்தில்—" வெக்கை தாங்கவில்லை. அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்துக்கு ஒன்றே அதிகம்.

"காவலன் தன் பறக்கும் குதிரையை அவிழ்த்து—" குதிரைக்குத் தீனி எங்கே? கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேலம். இதையும் அடித்தேன்.

"சுடலை காலில் சலங்கையைக் கட்டிக்கொண்டான்." இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை.

2

சுடலையின் பட்டணத்தில் நட்சத்திரம் செய்தார்கள். உலகத்து வானங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் லோடு போனது. கந்தகம், கரி, இன்னும் பெயர் தெரியாத பொடிகள் எல்லாம் சேர்ந்த மருந்தைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, பெண்கள் குழாய்களில் அடைப்பார்கள். அந்த மருந்துக்கு உராய்வு ஆகாது, உரசினால் வெடித்துவிடும். அதனால் ஒவ்வோர் அறைக்கும் நாலு வாசல். அறைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு தட்டு. தட்டை நகர்த்த வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், இழுக்கவே கூடாது. பேசப் பழகும் பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாக அங்கே சொல்லித்தருவது இதைத்தான்.

நாலு பேருக்கு மேல் ஓர் அறையில் இருந்தால் அந்த அறை இருக்கும் வரிசையையே பூட்டிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சீசன் நேரத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு வானத்தை நிரப்ப முடியுமா? எல்லா அறையிலும் ஐந்தாவது ஆள் உண்டு. சட்டத்தின் கணக்கில் அப்படி ஒருத்தி பிறக்கவேயில்லை.

அதற்காகத்தான் சலங்கை. சோதனைக்குப் போகும் காவலர்கள் காலில் சலங்கை கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஊர்முனை வேம்பிலிருந்து சுடலை நடக்கத் தொடங்கினால் வரிசை முழுக்கக் கேட்கும். அவன் வந்து சேர்வதற்குள் ஐந்தாவது ஆளும் இன்னொருத்தியும் சேர்ந்து ஐந்தாவது தட்டைத் தூக்கி, வெளியே மணல்மேட்டுக்குப் பின்னால் வைப்பார்கள். ஐந்தாவது ஆள் முள்ளுக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். மற்றவள் திரும்பி வந்துவிடுவாள். சுடலை எட்டிப் பார்ப்பான். நாலு பேர், நாலு தட்டு.

"எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்குங்கய்யா."

சட்டம் ஜனங்களைத் திடுக்கிட வைக்கக் கூடாது, அதனால்தான் சலங்கை என்பார் பெரிய காவலர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவும் மாட்டார்.

வேம்படி வரிசையின் முதல் அறையில் ஐந்தாவது ஆள் இசைவாணி. சுடலையின் மனைவி. சோதனை நடந்த நாட்களில் சாயங்காலம் அவன் அவள் பாதத்தை மடியில் வைத்து முள் எடுத்துவிடுவான்.

"ஏன் இம்புட்டு மெதுவா வாரீக? முள்ளுக்குள்ள உக்காந்து காலு மரத்துப்போச்சு."

"மெதுவா வந்தாத்தான ஒனக்கு நேரம் கெடைக்கும், கழுத."

(லட்சுமிகாந்தம் இந்த இடத்தில் ஒரு டிராகன் கேட்டார். இந்த ஊருக்கு டிராகன் வந்து புதிதாக என்ன செய்துவிடப் போகிறது?)

3

அன்று அரண்மனையிலிருந்து புதிதாக வந்த மேலதிகாரி, நேரம் ஆகுமுன்பே சோதனைக்குத் தேரில் ஏறிவிட்டார். வேம்படியில் நின்ற சுடலை தூரத்தில் புழுதியைப் பார்த்தான். எப்போதும்போல் நடந்தால் தேர் அவனை முந்திவிடும். அறைக்குள் இருப்பவள் அவன் மனைவி.

சுடலை ஓடினான்.

ஓடுகிற சலங்கையை அந்த வரிசை அதுவரை கேட்டதில்லை. என்னவோ ஏதோ என்று எல்லோரும் பதறி எழுந்தார்கள். தட்டின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியவள் வாசலைப் பார்த்து ஓடினாள். இசைவாணி ஒற்றை ஆளாகத் தட்டைப் பிடித்து—

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. அது நன்றாக வந்ததுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.]

இழுத்தாள். அவ்வளவு போதும். அந்த அறையிலிருந்து யாரும் உயிரோடு வரவில்லை.

4

செத்தவர்களைக் கோட்டை வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே வீட்டாரிடம் ஒப்படைப்பது அந்தப் பட்டணத்து வழக்கம். கூப்பிட வேண்டியது அந்த வரிசையின் காவலன். அதாவது சுடலை.

நாலு பெயரைக் கூப்பிட்டால் காரியம் முடிந்தது. அப்படியானால் இசைவாணி அறைக்காரி இல்லை. ஆடு தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த வழிப்போக்கி. வழிப்போக்கர்களைக் கோட்டைக்கு வெளியே பெயரில்லாமல் புதைத்துவிடுவார்கள். ஐந்தாவது பெயரையும் கூப்பிட்டால் அவள் வீட்டுக்கு வருவாள். வேம்படி வரிசை பூட்டப்படும்.

முந்தின நாள் சாயங்காலம் வரிசைப் பெண்கள் சுடலையின் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த அறையில் வேலை பார்க்கும் சண்முகத்தாய்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, நாலு பேரோட நிறுத்திருங்க."

சண்முகத்தாயே தொடர்ந்தாள்.

"அவ எனக்கும் கூடப்பொறந்தவ மாதிரித்தான். இல்லேங்கல. ஆனா வரிசையப் பூட்டிட்டா நாங்க அம்புட்டுப் பேரும் எங்கன போறது? களையெடுக்கப் போவம்னா, காடெல்லாம் கருவேலமாக் கெடக்கு."

"அவ ஆடு தேடி வந்தான்னு நானே சொல்லணுமாக்கும்."

"ஒங்க வாயால வந்தாத்தாண்ணே நம்புவாக."

"எங்க வீட்டுல ஆடே கெடையாதே, தாயி."

சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

(மாயாஜாலப் பட்டணத்து ஆட்கள் ஏன் சிவகாசிப் பேச்சு பேசுகிறார்கள் என்று லட்சுமிகாந்தம் கேட்டார். அரண்மனைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். "எமது இல்லத்தில் ஆடுகள்—" வேண்டாம்.)

5

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. சுடலையை நான் உண்டாக்கவில்லை.

என் வீட்டுக்குப் பின்தெருவில் முனியராஜ் என்று ஒரு போலீஸ்காரர் குடியிருக்கிறார். ஆடி மாதம் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில்* வெடித்தபோது அவர் மனைவி உள்ளே இருந்தார்; பிழைக்கவில்லை. அந்தப் பெண்ணின் நிஜப் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆய்வுக்குப் போகிற ஜீப்போடு பாதுகாப்புக்குப் போகும்படி முனியராஜிடம் சொல்வார்கள். உடனே அவர் செல்போனில் போர்மேனுக்குத் தகவல் சொல்லிவிடுவார். சலங்கை இருந்த இடத்தில் செல்போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் சொன்னார். இப்போது அந்தப் பெண் விறகு பொறுக்க வந்தவர் என்றுதான் பேச்சு. வருகிற திங்கட்கிழமை விருதுநகரில் விசாரணை. முனியராஜ் சாட்சி சொல்ல வேண்டும். பின்தெருவில் பாதி வீடுகள் அந்த ஆபீஸை நம்பித்தான் உலை வைக்கின்றன.

\* பட்டாசு செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஆபீஸ்.

எப்படியோ கேள்விப்பட்டு அவர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். லுங்கியும் சட்டையும்தான்.

"என்னைய வச்சு ஏதோ எழுதுறீகளாம்ல."

மறுக்க முடியவில்லை. எழுதியிருந்த வரைக்கும் எடுத்துக் கொடுத்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"சுடலை ஓடுனான்னு போட்டிருக்கீக."

"ஆமா."

"நான் ஓடல சார். சீக்கிரம்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லிட்டேன். எப்பவும் அப்படிச் சொல்றதில்ல. அன்னைக்கு ஜீப்பு முன்னமே கெளம்பிருச்சு. சீக்கிரம்னேன். அம்புட்டுதான்."

மெஷினை நிறுத்தச் சொல்லலாம் என்று தோன்றியது. அது ஓடிக்கொண்டே இருந்தது.

"இவன நடக்க வைக்க முடியுமா சார்?"

6

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினேன்.

சுடலை எப்போதும்போல் நடந்தான். தேர் அவனை முந்திப் போனது. மேலதிகாரி அறைக்குள் நுழைந்தபோது ஐந்து பேர் ஐந்து தட்டுகளின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றே வேம்படி வரிசைக்குப் பூட்டு விழுந்தது. சண்முகத்தாய் சுடலையின் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். இசைவாணி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்து பொழப்புலயும் மண்ணப் போட்டுட்டீகளே. கொஞ்சம் வெரசா வந்தா என்ன? காலுல என்ன, கொழுப்பா?"

மறுநாள் காலையில், அவன் பக்கம் திரும்பாமலே, கஞ்சியை நகர்த்தி வைத்தாள்.

முனியராஜ் இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். "இப்படித்தான் ஏசுவா" என்றார். பிறகு அனுமதி கேட்காமலே அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு நகல் கிடையாது. இங்கே இருப்பது நான் ஞாபகத்திலிருந்து எழுதியது. அவரிடம் இருப்பதில் சண்டை இன்னும் நீளம்.

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்த ஓடுன கதையில, கடைசியில சுடலை நாலு பேரச் சொல்றானா, அஞ்சு பேரச் சொல்றானா?"

"இன்னும் எழுதல."

"எழுதுனாச் சொல்லுங்க சார். திங்கக்கெழம காலையில பஸ்ஸு."

7

இன்று ஞாயிற்றுக்கிழமை.

"சுடலை ஐந்தாவது பெயரையும் ஓங்கிக் கூப்பிட்டான். கோட்டையே—" எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. அப்புறம் பின்தெருவில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அடித்துவிட்டேன்.

"நாலு பெயரோடு நிறுத்திக்கொண்டு சுடலை வீட்டுக்கு—" எந்த வீட்டுக்கு? அடித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். கோட்டை வாசலில் சுடலை நிற்கிறான். காலில் சலங்கை இல்லை. நாலு பெயரையும் கூப்பிட்டு முடித்துவிட்டான்; நாலு வீட்டாரும் வந்து பெற்றுக்கொண்டு அழுதபடி போய்விட்டார்கள். வெள்ளைத்துணி மூடிய ஒன்று மட்டும் தரையில் இருக்கிறது. சண்முகத்தாயும் மற்றவர்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அவ்வளவுதானா?" என்கிறார் மேலதிகாரி.

லட்சுமிகாந்தம் இந்தக் கதையைப் போடுவாரோ மாட்டாரோ. போட்டால், நீங்கள் வாசிக்கும்போது தீபாவளி வந்திருக்கும்; அந்தத் திங்கட்கிழமை எப்போதோ முடிந்திருக்கும். அதனால் நீங்கள் துணிந்து ஒரு பதில் சொல்லிவிடலாம். சொல்லுங்கள். என்னால் முடியவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் அச்சகத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பதாக முனியராஜ் சொல்லியிருக்கிறார்.